கை விரைப்புக்கு எந்தப் படம்? தோல் இறுக்க நோயில் தசைநாண் அழற்சியைப் பார்க்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

குமரி மாவட்டத்துத் தோவாளையில் பூக்கட்டும் ஓர் அக்கா என் மேசையில் மூன்று சீட்டுகளை வரிசையாக வைத்தார். ஒன்று எக்ஸ்-ரே, இன்னொன்று அல்ட்ராசவுண்ட், மூன்றாவது எம்.ஆர்.ஐ. எழுதியவர்கள் மூன்று மருத்துவர்கள், கை ஒன்றுதான். "எல்லாவற்றையும் எடுக்கக் காசில்லை சார். எதை எடுக்கட்டும்?" என்றார். விரல்கள் உப்பி, தோல் மினுமினுத்து, கையை எவ்வளவு மடக்கினாலும் விரல்நுனி உள்ளங்கையைத் தொட இரண்டு விரற்கடை பாக்கி நின்றது. பிச்சிப்பூவை நாரில் வைத்து முடிச்சுப் போடும்போது முடிச்சு நழுவுகிறது என்பதுதான் அவருடைய முறையீடு. வலியைக்கூட இரண்டாவதாகத்தான் சொன்னார்.

அவருக்கு இருப்பது சிஸ்டமிக் ஸ்க்ளிரோசிஸ் என்ற தோல் இறுக்க நோய். இதே கேள்வியோடு வருகிறவர்கள் அவர் ஒருவர் மட்டும் இல்லை. நான் பிசியோதெரபிஸ்ட். படம் எடுப்பதும் மருந்து எழுதுவதும் என் வேலை இல்லை. ஆனால் படத்தோடு வருகிறவர்களின் கையைப் பிடித்துப் பார்ப்பது என் வேலை. அறிக்கை ஒன்று சொல்ல, கை வேறொன்று சொல்வதைப் பலமுறை பார்த்தாகிவிட்டது. அந்த இடத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

## வலி எங்கிருந்து வருகிறது

பெயர் தோலைச் சொன்னாலும் இந்த நோய் தோலோடு நிற்பதில்லை. தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது லிகமென்ட். (தமிழில் இரண்டையுமே 'தசைநார்' என்று எழுதிக் குழப்பி வைத்திருக்கிறோம், அறிக்கையைப் படித்துச் சொல்லும்போது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.) தசைநாண் வழுக்கி ஓட அதைச் சுற்றி ஓர் உறை உண்டு. தசைநாணும் லிகமென்டும் எலும்பில் பற்றும் முனைகளை இங்கே ஒட்டிடம் என்று சொல்லிக்கொள்வோம். இந்த நோயில் உறையிலும் அழற்சி வரலாம், ஒட்டிடத்திலும் வரலாம். அழற்சி தணிந்த பிறகு அதே இடம் தழும்பாகித் தடித்தும் போகலாம்.

வெளியிலிருந்து பார்த்தால் அழற்சிக்கும் தழும்புக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் விரல் மடங்காது. சிகிச்சையில்தான் வழி பிரிகிறது. அழற்சிக்கு மருந்து வேலை செய்யும். தழும்புக்கு மருந்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாலும் பக்கவிளைவுதான் மிஞ்சும்; அங்கே நீட்டிப் பழக்குவதும் ஸ்பிளின்ட் (விரலை நிமிர்த்திப் பிடிக்கும் தாங்கி) கட்டுவதும்தான் வழி.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பரிசோதனைக்குத் தசைநாணும் உறையும் ஒட்டிடமும் கண்ணில் படுமா என்பது. அடுத்தது, நடப்பு அழற்சியையும் பழைய தழும்பையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியுமா என்பது. மூன்றாவது, இந்த நோயுள்ள உடம்பு அந்தப் பரிசோதனையைத் தாங்குமா. நாலாவது செலவு. மையத்தில் கட்டும் தொகையோடு பயணம், இழந்த நாள்கூலி, ஆறு மாதத்தில் திரும்ப எடுக்க வேண்டிய தேவை எல்லாம் இதில் சேரும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைக்கும் கேள்வி ஒன்று உண்டு: முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா? மாறாது என்றால் எந்தப் படமும் வேண்டாம்.

## கையால் தொட்டுப் பார்ப்பது

யாரும் இதை ஒரு பரிசோதனையாக மதிப்பதில்லை. பில் இல்லாததால் இருக்கலாம். ஆனால் இந்த நோயில் கைக்கு மட்டுமே அகப்படும் ஒன்று இருக்கிறது: தசைநாண் உரசல். கணுக்காலின் முன்புறம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்ல வேண்டும். புதுத் தோல் செருப்பு நெரிவது போல ஒரு கரகரப்பு உள்ளங்கைக்கு ஏறிவரும். மணிக்கட்டிலும் விரல்களிலும் முழங்காலிலும்கூட வரலாம். ஒருமுறை உணர்ந்த கைக்கு அது மறக்காது.

உடலெங்கும் தோல் இறுகும் பரவல் வகை நோயோடுதான் இந்த உரசல் பெரும்பாலும் சேர்ந்து வருகிறது. சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்பதற்கான அறிகுறியாகவும் ருமட்டாலஜி (மூட்டுவாத நோய்) நிபுணர்கள் இதை எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது காலில் கேட்ட கரகரப்புக்காக இரத்த அழுத்தக் கருவியை எடுக்க வேண்டியிருக்கும். தோலின் தடிப்பையும் கையால் கிள்ளிப் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள்: 17 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 51.

குறை என்னவென்றால், தோல் தடித்த பிறகு அதன் அடியில் இருக்கும் வீக்கம் விரலுக்குத் தட்டுப்படுவதில்லை. கனத்த ஜமுக்காளத்துக்கு அடியில் கிடக்கும் நூலைத் தடவிக் கண்டுபிடிப்பது போன்ற பாடு அது. உரசல் இல்லை என்பதால் அழற்சியும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அல்ட்ராசவுண்டின் தேவை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

## எக்ஸ்-ரே

மலிவு, அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும், ஐந்து நிமிட வேலை. விரல்நுனி எலும்பு கரைந்திருப்பது, தோலுக்கடியில் சுண்ணச்சத்து படிந்திருப்பது, மூட்டு அரித்திருப்பது மூன்றும் இதில் தெளிவாகத் தெரியும். தசைநாண் தெரியாது. உறை தெரியாது. "எக்ஸ்-ரே நார்மல், அப்புறம் ஏன் வலிக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: எலும்பைப் பார்க்கும் கண்ணாடியால் கயிற்றைத் தேடியிருக்கிறீர்கள்.

ஆனாலும் நோய் தெரிந்த புதிதில் இரு கைகளுக்கும் ஒரு எக்ஸ்-ரே எடுத்து வைப்பது நல்லது. பின்னாளில் ஒப்பிட அது ஒன்றுதான் ஆதாரமாக நிற்கும்.

## அல்ட்ராசவுண்ட்

கேள்வி தசைநாண் அழற்சியைப் பற்றியது என்றால் என் ஓட்டு இதற்குத்தான். கதிர்வீச்சு இல்லை. விரலை அசைக்கச் சொல்லிக்கொண்டே தசைநாண் உறைக்குள் ஓடுவதைப் பார்க்கலாம். வலிக்கும் இடத்தை நோயாளியே தொட்டுக் காட்டலாம். பவர் டாப்ளர் என்ற வசதியைப் போட்டால், அழற்சி உள்ள இடத்தில் கூடியிருக்கும் இரத்த ஓட்டம் திரையில் ஆரஞ்சுப் புள்ளிகளாக மினுங்கும். உறை தடித்து, புள்ளியும் மினுங்கினால் நடப்பு அழற்சி. தடிப்பு மட்டும் இருந்து ஓட்டம் இல்லையென்றால் பெரும்பாலும் பழைய தழும்பு. சுண்ணச்சத்துப் படிவும் தெரியும்: வெள்ளைக் கட்டி, அதற்குக் கீழே கறுப்பு நிழல்.

இவ்வளவு நல்ல கருவி எங்கே சறுக்குகிறது? பார்ப்பவரிடமும் அறையிடமும்.

மற்ற மூட்டுவாதங்களில் உறைக்குள் நீர் கோத்துக்கொள்ளும்; அது திரையில் கறுப்பாகத் தெரியும். ஸ்கேன் எடுப்பவர் தேடிப் பழகியது அந்தக் கறுப்பைத்தான். தோல் இறுக்க நோயில் உறை சில சமயம் நீரே இல்லாமல், வெள்ளையாக அடுக்கடுக்காகத் தடித்திருக்கும். கறுப்பைத் தேடிய கண் அதைத் தாண்டிப் போய்விடும். அறிக்கையில் 'இயல்பு' என்று ஒரு வரி விழும்.

தசைநாணிடமும் ஒரு வித்தை இருக்கிறது. பட்டுச்சேலையைச் சாய்த்துப் பிடித்தால் நிறம் மாறுவது போல, ஒலிக்கற்றை நேர்க்குத்தாக விழுந்தால் தசைநாண் வெள்ளையாகவும், சற்றுச் சாய்ந்தால் கறுப்பாகவும் தெரியும். நோய் இல்லாத இடத்தில் நோயைக் காட்டும் வித்தை இது. விரல் நிமிராமல் மடங்கிப் போனவர்களுக்கு புரோபை (ஸ்கேன் மிஷினில் தோல்மேல் வைக்கும் முனையை) நேராக வைக்கவே இடம் கிடைக்காது. அப்போது ஜெல்லைக் குவித்துப் போட வேண்டும். அதைவிட நல்லது, கையை ஒரு தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி, புரோபைத் தோலில் படாமல் தண்ணீருக்குள் பிடித்துப் பார்ப்பது. விரல்நுனியில் புண் இல்லாதவர்களுக்கு அது வலியே இல்லாத முறை.

அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட பிடிவாதம். காரணம் உண்டு. இந்த நோயுள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் குளிர் பட்டால் விரல் வெளுத்து நீலமாகிவிடும். ரேனோ என்று சொல்வார்கள். ஸ்கேன் அறையில் மிஷினுக்காக ஏ.சி. ஓடிக்கொண்டேயிருக்கும். வெளியே மாசி வெயிலில் இருந்து வந்தவர் அரைமணி நேரம் அங்கே காத்திருந்து, சில்லென்ற ஜெல்லும் தடவப்பட்டால் விரலின் இரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். டாப்ளரில் மினுங்க வேண்டியது மினுங்காது. அழற்சியை மறைத்தது மருந்தாக இருக்காது, ஏ.சி.யாக இருக்கும். புரோபை அழுத்திப் பிடித்தாலும் இதே கதிதான். முந்தின வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தாலும் புள்ளிகள் குறையலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒட்டிடங்களில் தலைகீழான தவறு நடக்கும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியும் முன்னே நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி நடக்கிறார். கத்தியை இழுத்து இழுத்து முழங்கை ஓய்ந்திருக்கும். அவருடைய குதிகாலிலும் முழங்கையிலும் ஒட்டிடம் தடித்திருந்தால் அது நோயா, உழைப்பா? படம் மட்டும் பதில் சொல்லாது. வயது, எடை, தொழில் எல்லாம் ஒட்டிடத்தில் தழும்பு விட்டுச் செல்பவைதான். எலும்பை ஒட்டிய இடத்தில் டாப்ளர் ஓட்டம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. வெறும் தடிப்பும் எலும்பு முள்ளும் மட்டும் இருந்தால் நான் அவசரப்பட மாட்டேன்.

## எம்.ஆர்.ஐ.

ஆழத்தில் கிடக்கும் லிகமென்ட், எலும்பு மஜ்ஜையின் வீக்கம், தசையழற்சி ஆகியவற்றுக்கு இதற்கு நிகர் இல்லை. மணிக்கட்டின் உள்லிகமென்ட் கிழிந்திருக்கிறதா, வலி தசையிலிருந்தே வருகிறதா என்பதுதான் சந்தேகம் என்றால் இதற்குச் செலவழிப்பதில் பொருள் உண்டு. விரல் தசைநாண் உறையில் அழற்சி இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் இதை முதலில் எடுப்பது, பக்கத்துத் தெருவுக்குப் போக டாக்சி பிடிப்பது.

உடம்பு தாங்குமா என்பதில்தான் இது பின்தங்குகிறது. கைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் பெரும்பாலும் குப்புறப் படுத்துக் கையைத் தலைக்கு மேல் நீட்டி அசையாமல் கிடக்கச் சொல்வார்கள். தோள் இறுகியவருக்கு அந்தக் கோணம் வராது. உணவுக்குழாய் தளர்ந்து நெஞ்செரிச்சல் உள்ளவர், நுரையீரல் பாதிப்பால் மூச்சு வாங்குபவர் இருவருக்கும் அரைமணி நேரப் படுக்கை ஒரு தண்டனை. ஒருவர் பாதியில் எழுந்துவிட்டதையும், முழுத் தொகையும் வாங்கிக்கொண்டு 'அசைவினால் படம் தெளிவில்லை' என்று எழுதிக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

அழற்சி தெளிவாகத் தெரிய கடோலினியம் மருந்தை ஊசியில் செலுத்துவார்கள். சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்களுக்குச் சில வகைக் கடோலினியத்தால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் வேறொரு நோய் வரலாம் என்பது 2006-இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஏற்கெனவே தோல் இறுகியவருக்கு இது எவ்வளவு கொடுமை! புதுவகை மருந்துகளில் அபாயம் மிகக் குறைவு. இருந்தாலும் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்காமல் ஊசிக்குக் கை நீட்ட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | கைப் பரிசோதனை | எக்ஸ்-ரே | அல்ட்ராசவுண்ட் | எம்.ஆர்.ஐ. |
|---|---|---|---|---|
| தசைநாண் உறை | உரசல் இருந்தால் தெரியும் | தெரியாது | நன்றாகத் தெரியும் | தெரியும் |
| ஆழத்து லிகமென்ட் | தெரியாது | தெரியாது | ஓரளவு | நன்றாகத் தெரியும் |
| அழற்சியா, தழும்பா | அனுமானம்தான் | சொல்லாது | டாப்ளர் போட்டால் சொல்லும் | மருந்து ஊசியோடு சொல்லும் |
| எலும்பு அரிப்பு, சுண்ணப் படிவு | கட்டி தட்டுப்படலாம் | சிறப்பு | நன்று | அரிப்பு நன்று, படிவு சுமார் |
| பிழை எங்கே வரும் | தடித்த தோல் | தவறான கேள்வி | பார்ப்பவர், குளிர், சாய்வு | அசைவு, படுக்கை |
| திரும்ப எடுக்க | எப்போதும் | தேவைக்கு மட்டும் | எளிது | கைக்காசைப் பொறுத்தது |

இரத்தப் பரிசோதனையை அட்டவணையில் சேர்க்கவில்லை. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் இயல்பாக இருக்கும்போதே உறையில் அழற்சி இருக்கலாம். எந்த இடம் என்றும் அவை காட்டுவதில்லை.

வர்ம ஆசானிடம் தடவினால் போதாதா என்று நம் மாவட்டத்தில் கேட்காத வீடு இல்லை. வெதுவெதுப்பான எண்ணெயை மெல்லத் தடவுவதில் எனக்குச் சண்டை இல்லை. விரல்நுனியில் புண் இருக்கும்போதும், குதிகால் ஒட்டிடம் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் அழுத்திப் பிடிப்பது வேண்டாம். என்ன நோய் என்பதை ஆசானிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

## பில்லில் வராத செலவு

ஸ்கேனுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் என் கவலை. 'அழற்சி' என்று அறிக்கையில் வந்ததும் யாரோ ஒருவர் ஸ்டீராய்டு மாத்திரையைக் கை நிறையக் கொடுத்துவிடுகிறார். வேறு வாதங்களில் அது வழக்கம். இந்த நோயில், குறிப்பாகப் பரவல் வகையின் முதல் சில ஆண்டுகளில், நாளொன்றுக்கு 15 மி.கி.க்கு மேல் போகும் பிரெட்னிசோலோன் அளவுக்கும் சிறுநீரக நெருக்கடிக்கும் தொடர்பு உண்டு. இரத்த அழுத்தம் திடீரென்று ஏறி, சில நாட்களில் சிறுநீரகம் நின்றுபோகும் ஆபத்து அது. காப்டோபிரில் வகை மருந்து உடனே கிடைத்தால் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. ஆகவே கை ஸ்கேனுக்குக் காசு சேர்க்கிறவர்கள் முதலில் வீட்டுக்கு ஓர் இரத்த அழுத்தக் கருவி வாங்குங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரையும் சிறுநீரகத்துக்கு நண்பன் அல்ல.

இன்னொரு செலவு, முந்த வேண்டியது பிந்திப்போவது. கை வலி கத்தும், நுரையீரல் கத்தாது. நோய் தெரிந்தவுடன் மார்புக்கு உயர்நுட்ப சி.டி., மூச்சுத்திறன் பரிசோதனை, இதயத்துக்கு எக்கோ ஆகியவை கை ஸ்கேனுக்கு முன்னால் நிற்க வேண்டியவை. இருக்கும் பணத்தை விரலில் கரைத்துவிட்டு எக்கோவை அடுத்த ஓணத்துக்குத் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும்.

## நம் ஊரில் எங்கே, எப்படி

நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் ஸ்கேன் மையங்களுக்குப் பஞ்சமில்லை. விரல் தசைநாணைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அலைய வேண்டியிருக்கிறது. சில ஊர்களில் ருமட்டாலஜி நிபுணர் தன் அறையிலேயே புரோபை எடுத்துப் பார்த்துவிடுவார் என்று படித்தவர்கள், இங்கே ஏன் அப்படி இல்லை என்கிறார்கள். நம் நாட்டில் அல்ட்ராசவுண்ட் மிஷின், கருவின் பால் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. விரலைப் பார்க்கும் மிஷினும் பதிவு செய்யப்பட்டாக வேண்டும். ஸ்டெதாஸ்கோப் போல வாங்கி மேசையில் வைத்துக்கொள்ள முடியாது. 'ஆணா பெண்ணா என்று இங்கே கூறப்படுவதில்லை' என்ற பலகைக்குக் கீழே விரல் வலியோடு உட்கார்ந்திருப்பதன் காரணம் இதுதான்.

நேரம் குறிப்பதற்கு முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். லீனியர் புரோப் (முனை தட்டையானது) இருக்கிறதா, 12 மெகாஹெர்ட்ஸுக்கு மேலா? (வயிற்றுக்கு வைக்கும் வளைந்த புரோபால் விரலைப் பார்ப்பது வீண்.) பவர் டாப்ளர் போட்டுப் பார்ப்பார்களா? மூட்டு, தசைநாண் ஸ்கேன் வாரத்தில் எத்தனை வருகிறது? மூன்றாவது கேள்விக்கு எதிர்முனையில் தயக்கம் வந்தால் போனை வைத்துவிடலாம். மார்த்தாண்டத்தைத் தாண்டியவர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம். நாகர்கோவிலுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்குத் திருநெல்வேலியும் ஒரு வழி. எங்கே போனாலும் மறு ஸ்கேனுக்கு அதே மையம், முடிந்தால் அதே ஆள்.

சீட்டில் வெறுமனே 'கை ஸ்கேன்' என்று இருந்தால் எழுதிய மருத்துவரிடமே திரும்பப் போய் விரித்து எழுதி வாங்குங்கள். இரு மணிக்கட்டு, விரல்களின் மடக்கும், விரிக்கும் தசைநாண்கள், கணுக்கால், குதிகால் ஒட்டிடம். உறைத் தடிப்பு, நீர், டாப்ளர் ஓட்டம், சுண்ணப் படிவு தனித்தனியாக. நோயின் பெயர் கட்டாயம். நோயின் பெயர் இல்லாத சீட்டுக்குத்தான் 'இயல்பு' என்ற பதில் அதிகம் வருகிறது.

## யாருக்கு எது

உரசல் தெளிவாகக் கேட்கிறது, மருந்தும் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்றால் கைப் பரிசோதனையே போதும். விரல்நுனி குட்டையாகிறது, சுண்ணாம்பு போலக் கட்டி வெளியே வருகிறது என்றால் எக்ஸ்-ரே. விரல் மடங்கவில்லை, தோல் தடிப்பால் வீக்கம் தட்டுப்படவில்லை, மருந்தைக் கூட்டுவதா பயிற்சியைக் கூட்டுவதா என்று மருத்துவரே யோசிக்கிறார் என்றால் அல்ட்ராசவுண்ட்; இங்கே நான் இரண்டாம் யோசனை செய்வதில்லை. அதிலும் விடை வராமல், தசையோ ஆழத்து லிகமென்டோ சந்தேகத்தில் நின்றால் எம்.ஆர்.ஐ.

தோவாளை அக்காவின் கணுக்காலில் கை வைத்தேன். இரண்டு பக்கமும் கரகரத்தது. மூன்று சீட்டில் எதையும் எடுக்க வேண்டாம், முதலில் இரத்த அழுத்தமும் மார்பு சி.டி.யும் எக்கோவும் என்று அவருடைய நிபுணருக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். அவை முடிந்த பிறகு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். மணிக்கட்டின் மேற்புறம் டாப்ளர் மினுங்கியது. விரல்களின் உள்புறம் வெள்ளைத் தடிப்பு மட்டும், ஓட்டம் இல்லை. மணிக்கட்டை மருந்து பார்த்துக்கொள்கிறது, விரல்களை நானும் ஒரு கிண்ணம் உருக்கிய மெழுகும் பார்த்துக்கொள்கிறோம். முடிச்சு இப்போதும் சில நேரம் நழுவத்தான் செய்கிறது. எம்.ஆர்.ஐ. சீட்டை அவர் தூக்கிப் போடவில்லை. காலையும் மாலையும் பார்க்கும் இரத்த அழுத்தத்தைத் தேதி போட்டு அதன் பின்பக்கத்தில் எழுதிவருகிறார்.